வலது இமைக்கு இன்னொரு முறை

மனே,

நேற்று நீ போனில், "என்னம்மா முடிவு? சென்னையில நாள் குறிக்கக் கேக்கிறாங்க" என்றபோது, "மறுகா சொல்றன் மகன், படிக்கிற பிள்ளையள் வந்திரிக்கி" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த நேரம் ஒரு பிள்ளையும் வந்திருக்கவில்லை. முன் அறையில் பிள்ளைகள் இருந்து படிக்கும் வாங்குகள் வெறுமையாகத்தான் கிடந்தன. இத்தனை வருஷம் கணக்குப் படிப்பித்த எனக்கு இப்படி வாய் கூசாமல் பொய் வருவது இந்தக் கண் விவகாரம் தொடங்கிய பிறகுதான். போனில் பேசினால் நீ இடையில் மறித்து ஒரு வழி சொல்வாய். நீ சொல்லும் வழி பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் நான் சொல்ல வந்தது அந்த இடத்தோடு நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன். வேலைக்குப் போகும் ரயிலில் வைத்து இதை வாசிக்காதே. வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, ஆறுதலாக வாசி. முடிவை மட்டும் தேடிக் கடைசிப் பக்கத்துக்கு ஓடிவிடாதே. முடிவை விட எனக்கு முக்கியமான ஒன்று நடுவில் இருக்கிறது.

என் இமைகள் இளம் வயதிலேயே கனத்தவைதான். "இப்பதான் நித்திரையால எழும்பி வந்த மாதிரி இரிக்கிறாய்" என்று உன் அப்பா சொல்வார். அதை அவர் அழகு என்றுதான் சொன்னார். ஐம்பது வயதைத் தாண்டியதும் தோல் தளர்ந்து இமை மயிரின் மேலேயே வந்து விழுந்தது. கரும்பலகையின் மேல் வரியைப் பார்க்க முகத்தை நிமிர்த்த வேண்டியிருந்தது. புருவத்தைத் தூக்கித் தூக்கியே பின்னேரமானால் நெற்றி வலிக்கும். ஒரு கையால் இமையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் கொப்பி திருத்துவேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், வெறும் அழகுக்காகப் போனேன் என்று நீ நினைக்கக் கூடாது. தேவைக்காக மட்டும் போனேன் என்றும் நினைக்காதே. தேவை பல வருஷமாக இருந்தது. அவசரம் உன் கல்யாணப் பேச்சோடுதான் வந்தது.

முதன்முதலாக இரண்டு குடும்பமும் வீடியோவில் பேசிய நாள் உனக்கு நினைவிருக்கும். ஷெரினின் அம்மாவின் முகமும் என் முகமும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. அவ என்னைவிட மூத்தவ. ஆனால் திரையில் அவ விழித்திருந்தா, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். நல்ல மனதோடுதான் அவ கேட்டா: "சம்பந்தி, களைச்சுப் போனியளோ? நாங்கள் பிறகு போன் எடுக்கட்டோ?" யாழ்ப்பாணத்துப் பேச்சில் அந்தக் கேள்வி இன்னும் மரியாதையாக ஒலித்தது. எனக்கு முகம் சுட்டது. களைப்பே இல்லை, அன்றைக்கு முழுவதும் சந்தோஷத்தில் துள்ளிக்கொண்டிருந்தேன். நீ அடிக்கடி "அம்மா, முழிச்சிரிக்கிங்களா?" என்று பகிடி விடுவாயே, அந்தப் பகிடிதான் என்னைக் கத்திக்கு அனுப்பியது என்று ஷெரினிடம் சொல்லி நீ கண்கலங்கினாயாம். இல்லை மகன். உன் பகிடி எனக்குப் பிடிக்கும். அன்று திரையில் என்னை நானே பார்த்தேன், அதுதான் காரணம். இந்தப் பாரத்தை நீ இறக்கி வைத்துவிடு.

அந்தக் கிழமையே ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்குப் போனேன். உன் வயதுகூட இராத ஒரு பெண் டொக்டர். பொறுமையாகப் பார்த்தா. "செய்யலாம் அம்மா, செய்யத்தான் வேணும். ஆனா மகன்ட கல்யாணம் முடியட்டும். வீக்கம் வத்தி, தழும்பு ஆற மாதக் கணக்கில எடுக்கும். ஏதும் கூடக் குறைய நடந்தா திருத்திறதுக்கும் காலம் வேணும்" என்றா. நான் தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து ஆரையம்பதிக்குப் போன் எடுத்து றஞ்சி சின்னம்மாவிடம் பொரிந்து தள்ளினேன். கல்யாணத்துக்கு உதவாத கண் பிறகு எதற்கு என்று கேட்டேன். றஞ்சியை நீ கோபிக்காதே. அவளுக்கு என்னை வடிவாகப் பார்க்க ஆசை. "அக்கா, மேடையில நீங்க தனியத்தானே நிக்கப்போறீங்க. அத்தான் இல்லாத குறை உங்கட முகத்தில தெரியப்படா" என்றாள். கொழும்பில் ஒரு தனியார் கிளினிக் பற்றி யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். கல்யாணச் சீலை எடுக்கப் போகிறேன் என்று உனக்குச் சொன்னேன். சீலையும் எடுத்தேன்தான். பாதி உண்மை சொன்னால் மீதி தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த இடத்தின் பெயர் வேண்டாம். குளிரூட்டிய அறை, மெத்தைக் கதிரை, நல்ல உபசாரம். வைத்தியர் என் கண்ணைத் திறந்து பார்க்கச் சொன்னார், மேலே பார்க்கச் சொன்னார், படம் எடுத்தார். கண்ணை மூடிக் காட்டச் சொல்லவே இல்லை. இன்று யோசிக்கும்போது அதுதான் எனக்கு உறைக்கிறது. அன்று எனக்கும் அது தோன்றவில்லை. திறப்பதைப் பற்றித்தானே எல்லாருக்கும் கவலை. கல்யாணம் எப்போது என்று கேட்டார். உள்ளதைச் சொன்னால் முடியாது என்பாரோ என்று பயந்து, இருந்ததைவிடக் கூடுதல் காலம் இருப்பதாகச் சொன்னேன். ஆகவே அவரிலும் எல்லாப் பிழையையும் போட எனக்கு வாய் வரவில்லை.

அங்கேயே ஒப்பரேசன் செய்து, தையல் எடுத்த பிறகு இடது கண் நன்றாகவே வந்தது. வலது கண் கொஞ்சம் அகலமாக, எதையோ கண்டு திடுக்கிட்ட மாதிரி நின்றது. வீக்கம் வற்ற இறங்கிவிடும் என்றார்கள். நானும் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து இறங்குகிறது என்றே நம்பினேன். கண் மூடியிருப்பதை மட்டும் நாமே கண்ணாடியில் பார்க்க முடியாது, பார்த்தாயா. அதை றஞ்சிதான் பார்த்தாள். ஆரையம்பதியில் அவள் வீட்டில் மதியம் சாப்பிட்டுவிட்டு சாய்ந்து கிடந்தேன். வந்து என் தோளைத் தட்டினாள்.

"அக்கா, நித்திரையா, முழிப்பா?"

"நித்திரைதான். ஏன்?"

"ஒரு கண் என்னப் பாத்துக்கொண்டே இரிக்கி அக்கா."

கைத்தொலைபேசியில் படம் எடுத்துக் காட்டினாள். இடது கண் நன்றாக மூடியிருந்தது. வலது இமை பாதி வழியில் நின்றது. அதற்குக் கீழே வெள்ளை விழி தெரிந்தது. தோலை அளவுக்கு மிஞ்சி எடுத்துவிட்டார்கள். மூடுவதற்கு அங்கே தோல் இல்லை. அப்போது உன் கல்யாணத்துக்கு ஒரு மாதம்கூட இருக்கவில்லை. அன்றே உனக்குச் சொல்லியிருக்கலாம். நீ விடுமுறைக்கு அலைந்துகொண்டிருந்தாய், மண்டபம், சாப்பாடு, விசா என்று தலையில் ஆயிரம். இதையும் எதற்கு ஏற்ற வேண்டும் என்று நினைத்தேன். அதற்குப் பெயர் பாசம் என்று அப்போது நம்பினேன். வெட்கம் என்று இப்போது தெரிகிறது. ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கினேன். கேட்டவர்களுக்குக் கண்நோய் என்றேன்.

இனி நான் சொல்ல வந்த இடம்.

சேர்ச்சில் முன்வரிசையில் எனக்கும் றஞ்சிக்கும் இடம். இரண்டு பக்கமும் பெரிய மின்விசிறிகள் வைத்திருந்தார்கள். வெக்கைக்கு எல்லாருக்கும் அது சுகம். எனக்கு அந்தக் காற்று நேரே வலது கண்ணில் அடித்தது. மூடாத கண் காய்ந்தால் எப்படி எரியும் என்று சொல்லில் வராது. ஷெரின் உள்ளே வந்ததைப் பார்த்தேன். அந்தப் பிள்ளை தலைப்பைச் சரிசெய்துகொண்டு நடந்து வந்த விதம் இன்னும் என் மனதில் இருக்கிறது. முதற் பாட்டு முடியும்போது கண்ணீர் கொட்டத் தொடங்கியது. எல்லாரும் தாயின் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்திருப்பார்கள். போதகர் பேசத் தொடங்கியபோது எனக்கு அவர் முகம் தெரியவில்லை, ஊசியால் குத்துகிற மாதிரி இருந்தது. றஞ்சியின் கையைப் பிடித்தேன். இரண்டு பேரும் பக்கக் கதவால் போதகரின் அறைக்குள் போனோம். அவள் துளி மருந்தை விட்டாள், பிறகு தன் விரலால் என் இமையைக் கீழே இழுத்துப் பிடித்தாள். "கொஞ்சம் இரிங்க அக்கா, கொஞ்சம் இரிங்க" என்றாள். அந்தக் கொஞ்சத்துக்குள் உன்னிடமும் ஷெரினிடமும் சம்மதம் கேட்டு, நீ தாலி கட்டி, மோதிரம் போட்டு எல்லாம் முடிந்துவிட்டது. நான் திரும்பி வந்தபோது அடுத்த பாட்டுக்கு எல்லாரும் எழும்பி நின்றார்கள்.

மகன், நீ தாலி கட்டியதை நான் பார்க்கவில்லை. உனக்காக நான் வாழ்ந்த வாழ்வில் அந்த ஒரு காட்சிக்காகத்தான் முகத்தைத் திருத்தப் போனேன். அந்தக் காட்சியைத்தான் இழந்தேன்.

பின்னேரம் பாசிக்குடாவில் விருந்து. பொழுது படுகிற நேரம், கடற்கரைப் பக்கம் என்னைத் தனியே கூட்டிக்கொண்டு போய் நீயே என் கண்ணாடியைக் கழற்றினாய்.

"என்னம்மா இது?"

"ஒண்டுமில்ல மகன், சின்ன ஒப்பரேசன் ஒண்டு செஞ்சன்."

"யாரம்மா உங்களக் கேட்ட? யாரு கேட்ட உங்களச் செய்யச் சொல்லி?"

நீ கத்திய சத்தத்தில் படம் எடுக்கிற ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஷெரின் கொஞ்சம் தள்ளி நின்றாள். நீ கத்தியதை நான் மனதில் வைத்திருக்கிறேன் என்று நீ நினைப்பதாகத் தெரிகிறது. வைத்திருக்கவில்லை. அந்தக் கேள்விக்கு அன்று பதில் இருக்கவில்லை. மேலே எழுதியதுதான் பதில்.

நீங்கள் இருவரும் லண்டனுக்குப் போன பிறகு, தினமும் ஒரு வைத்தியரின் பெயரோடு உன் செய்தி வரும். சென்னை, சிங்கப்பூர், பாங்கொக். எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, பார்க்கிறேன் என்று பதில் போட்டேன். அந்த நாட்களில் நான் என்னைக் கவனிக்கவில்லை. களிம்பு பூசினால் பார்வை மங்குகிறது என்று விட்டுவிட்டேன். கச்சான் காற்று எதிர்த்து அடிக்கிற நேரத்தில் கல்லடிப் பாலத்தால் ஸ்கூட்டியில் போய் வந்தேன். ஒரு நாள் காலையில் கண்ணைத் திறக்க முடியாத வலி. கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்ட மாதிரி. ஆஸ்பத்திரியில் அதே பெண் டொக்டர்தான் இருந்தா. கருவிழியில் காயம் என்றா. பேச்சு வாங்கத் தயாராகத்தான் போயிருந்தேன். அவ என்னை ஏசவில்லை. என் கன்னத்தைப் பிடித்து, படுக்கும்போது களிம்பு பூசி இமையை இழுத்துப் பிளாஸ்டர் ஒட்டுவது எப்படி என்று செய்து காட்டினா. "கொழும்பில இமைக்கெண்டே படிச்ச ஒரு டொக்டர் சேர் இரிக்கிறார். கடிதம் தாறன், போய்க் காட்டுங்க. ஆனா ஒப்பரேசனுக்கு அவசரப்பட வேணாம் அம்மா" என்று மட்டும் சொன்னா. ஆஸ்பத்திரியில் நின்ற அந்த நாட்களை உனக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். அதுவும் பொய்.

கொழும்பில் அந்த நிபுணர் முதலில் செய்யச் சொன்னது கண்ணை மூடத்தான். மெதுவாக மூடு, இறுக்கி மூடு, சும்மா மூடு என்று பல விதமாக மூடச் சொல்லி, சின்ன அளவுகோலால் அளந்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு முன்னால் உட்கார்ந்து விளங்கப்படுத்தினார். வெட்டி எறிந்த தோலைத் திருப்பி ஒட்ட முடியாது. காதுக்குப் பின்னாலிருந்து கொஞ்சம் தோல் எடுத்து இமையில் வைத்துத் தைக்க வேண்டும். இப்போது தழும்பு இறுகிக் கிடக்கிறது. இந்த நேரம் கை வைத்தால் அந்த இறுக்கம் புதுத் தோலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். தினமும் தடவித் தடவி, ஒரு வருஷமாவது போக விட்டால் இமை தானாகவே கொஞ்சம் இறங்கவும் கூடும். அதுவரைக்கும் களிம்பும் பிளாஸ்டரும். கருவிழி தாங்கவில்லை என்றால் மட்டும் ஒரு நாளும் காத்திருக்க மாட்டார், உடனே செய்வார்.

"பழைய மாதிரி வருமா டொக்டர்?" என்று கேட்டேன்.

"வராது அம்மா. மூடும். நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான். ஒட்டின தோலின்ட நிறமும் கொஞ்சம் வித்தியாசமா தெரியும்."

வெளியே வந்து றஞ்சி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. இத்தனை பேரில் ஒருவர் முடியாததை முடியாது என்று சொன்னாரே என்று ஒரு ஆறுதல்.

ஆனால் இதையெல்லாம் உன்னிடம் சொன்னபோது நீ கேட்கவில்லை. இங்கே அப்படித்தான் சொல்வார்கள், சென்னையில் உடனே செய்கிறார்கள் என்றாய். ஒரு வருஷம் இந்தக் கண்ணோடு உங்களைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஏலாது என்றாய். அந்த வசனத்தைப் பிறகு நீயே யோசித்தாயா தெரியாது. உனக்கு விடுமுறை கிடைக்கவில்லை என்று ஷெரினை அனுப்பினாய், என்னைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போக. நானும் பெட்டி அடுக்கினேன். உண்மையைச் சொன்னால், கண்ணுக்காக இல்லை. உன் குரலில் இருந்த அந்தத் தவிப்பு அடங்கினால் போதும் என்றுதான் சம்மதித்தேன். கத்திக்குப் போக இது காரணமே இல்லை, தெரியும். முதல் முறை திரையில் பார்த்த முகத்துக்காகப் போனேன், இரண்டாம் முறை உன் தவிப்புக்காகப் போக வெளிக்கிட்டேன். இரண்டு முறையும் கண்ணைக் கேட்கவில்லை.

ஷெரின் வந்த அன்றிலிருந்து நான் படுக்கப் போகும்போது அவள்தான் களிம்பு பூசிப் பிளாஸ்டர் ஒட்டினாள். முதல் நாள் கோணலாக ஒட்டினாள், பிறகு பழகிவிட்டது. காலையில் தழும்பைத் தடவுகிற வேலையையும் அவளே எடுத்துக்கொண்டாள். குசினி யன்னல் பக்கம் கதிரை போட்டு, என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, சின்ன விரலால் மெல்ல மெல்லத் தடவுவாள். பயணத்துக்கு முதல் நாள் காலையில் அப்படித் தடவிக்கொண்டிருக்கும்போதுதான் கேட்டாள்.

"மாமி, ஒண்டு கேட்டால் கோவிக்க மாட்டியளோ?"

"கேளு மகள்."

"என்னை உங்களுக்குப் பிடிக்கேல்லையோ?"

நான் திடுக்கிட்டு அவள் கையைப் பிடித்தேன். "என்ன கதைக்கிறாய் நீ?"

"தாலி கட்டேக்குள்ள நீங்கள் எழும்பிப் போயிட்டீங்கள். அவர் திரும்பிப் பார்த்தவர், நானும் பார்த்தனான். என்ர அம்மா சொன்னவ, மாமி மட்டக்களப்பிலயே பொம்பிளை எடுக்க நினைச்சிருப்பா எண்டு. அவர் ஒண்டும் சொல்லேல்லை. ஆனா அவரும் அப்பிடித்தான் நினைக்கிறார் எண்டு எனக்குத் தெரியும்."

இத்தனை மாதமும் நீங்கள் இரண்டு பேரும் இதையா சுமந்துகொண்டு திரிந்தீர்கள்? ஒரு கல்யாணத்தின் தொடக்கத்திலேயே இப்படி ஒரு முள்ளை நான் போட்டுவிட்டேனா? மின்விசிறிக் காற்றையும், றஞ்சி இமையை இழுத்துப் பிடித்ததையும் அவளுக்குச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் சிரித்தாள், பிறகு என் மடியில் முகத்தை வைத்து அழுதாள். "நீங்கள் மூடாத கண்ணோட நிண்டிருக்கிறியள், நாங்கள் உங்களுக்கு மனம் மூடிப்போச்சு எண்டு நினைச்சிட்டம்" என்றாள். லண்டனில் வளர்ந்த பிள்ளைக்கு இந்தத் தமிழ் எங்கிருந்து வந்ததோ. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னொன்றும் கேட்டாள். "மாமி, சென்னைக்குப் போறது உங்களுக்காகவோ, அவருக்காகவோ?" அவள் என் பெட்டியைத் திறந்து சீலைகளைத் திரும்பவும் அலுமாரியில் அடுக்கினாள். உன்னிடம் தானே சொல்லுவதாகவும், கோபப்பட்டால் தன்னோடு கோபப்படட்டும் என்றும் சொன்னாள். சேர்ச்சில் நடந்ததை மட்டும் நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன். அதனால்தான் அவள் உனக்கு இன்னும் சொல்லவில்லை. அவள் வாயை மூடி வைத்ததும் நான்தான்.

அவள் லண்டனுக்குத் திரும்பிய பிறகு நீ அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். அவள் முறையிடவில்லை. "அவர் பிஸி மாமி" என்றாள், அந்தக் குரலே போதுமாக இருந்தது. அவளிடம் மன்னிப்புக் கேள். நாளைக்கு அவளுக்கு ஒரு நோவு வந்தால் உடனே கொம்பியூட்டரைத் திறந்து வைத்தியரைத் தேடாதே. எங்கே நோகிறது, என்ன செய்ய வேண்டும் என்று முதலில் அவளைக் கேள். அவள் சொல்லி முடிக்கும் வரைக்கும் இரு. என்னைப் போல மறைக்கவும் மறைக்காதே. சின்ன விஷயம், அவளுக்கு எதற்குத் தொல்லை என்று தோன்றுகிற விஷயங்களைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நேற்று உன் போனை வைத்த பிறகு, உங்கள் கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். இதுவரை அதைத் தொடவே இல்லை. தாலியைக் கையில் எடுக்க முதல் நீ ஒருமுறை திரும்பிப் பார்க்கிறாய். என் கதிரையில் என் கைப்பை மட்டும் இருக்கிறது. பிறகு முன்னால் திரும்பிக்கொள்கிறாய். ஒரு நொடிதான் வரும். அந்த நொடியில் உன் முகத்தைப் பார்த்தேன். நீ சின்னதில் பள்ளிக்கூட மேடையில் நின்று கூட்டத்துக்குள் என்னைத் தேடுகிற அதே முகம். அப்போதெல்லாம் என்னைக் கண்டுபிடித்துவிடுவாய். இமையைத் திருத்தலாம் மகன். அந்த ஒரு நொடிக்கு எந்த ஊரிலும் ஒப்பரேசன் இல்லை. அதோடு நான் இருந்துகொள்ளத்தான் வேண்டும்.

இப்போது முடிவு. சென்னைக்கு நான் போகவில்லை. கொழும்பு டொக்டர் சொன்ன காலம் வரைக்கும் காத்திருக்கிறேன். மாரி முடிந்து தை மாதம் போல அவரிடம் காட்டுவேன். தழும்பு இளகியிருந்தால் தோல் வைத்துத் தைக்கச் சம்மதம். தானாகவே இறங்கி, கண்ணுக்கு ஆபத்து இல்லாத அளவுக்கு மூடத் தொடங்கியிருந்தால் அதுவும் வேண்டாம், அப்படியே விட்டுவிடுவேன். இடையில் கருவிழியில் திரும்பவும் காயம் வந்தால் அன்றைக்கே பஸ் ஏறுவேன், வீம்பு பிடிக்க மாட்டேன். அந்தப் பெண் டொக்டரிடம் கிளினிக் தவறாமல் போகிறேன், நீ றஞ்சியிடம் கேட்டுக்கொள்ளலாம். இரண்டு கண்ணும் ஒரே மாதிரி வர வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்று எழுதுவது சுலபம், கண்ணாடிக்கு முன்னால் நிற்கும்போது இன்னும் வலது பக்கத்தைக் கையால் மறைத்துப் பார்க்கிறேன். ஆனால் மூட வேண்டும் என்பதற்காக மட்டும்தான் இனி யாரும் இதில் கை வைக்கலாம்.

உன்னுடைய இந்த ஓடித்திரிகிற குணம் யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அப்பா படுக்கையில் கிடந்தபோது நீ பல்கலைக்கழகத்தில் இருந்தாய், அதனால் இது உனக்குத் தெரியாது. நான் ஒரு நாளும் அவர் பக்கத்தில் இருந்ததில்லை. ஸ்கானுக்கு நாள் எடுக்க, கொழும்பு மருந்துக்குச் சொல்லி வைக்க, இன்னொரு டொக்டரைப் பிடிக்க என்று ஓடிக்கொண்டே இருந்தேன். "கொஞ்சம் இரியன் பக்கத்தில" என்று அவர் கேட்டார். "இரிந்தா வேல நடக்குமா?" என்றேன். அவர் போன நேரத்தில் நான் மருந்துக்கடையில் நின்றேன். அந்த மருந்து அவருக்கு ஒன்றும் செய்திருக்காது என்று எனக்கு அப்போதே தெரியும். பயந்தவர்கள் ஓடுகிறார்கள் மகன். நீ ஏன் இத்தனை வைத்தியர்களைத் தேடுகிறாய் என்று எனக்கு விளங்காமல் இல்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன். உன்னிடம் நான் இதுவரை எதையும் கேட்டதில்லை, தருவதைத்தான் வாங்கியிருக்கிறேன். தை மாதத்தில் ஒப்பரேசன் என்று முடிவானால் நீ லீவு எடுத்துக்கொண்டு வா. டொக்டரோடு வாதாட வேண்டாம், எதற்கும் ஏற்பாடு செய்ய வேண்டாம், அதெல்லாம் றஞ்சி பார்ப்பாள். உள்ளே போகும் வரைக்கும் என் பக்கத்தில் இரு. வெளியே வந்து நான் விழிக்கும்போதும் அங்கே இரு. முதல் முறை நான் விழித்தபோது அந்த அறையில் உனக்குப் பொய் சொல்லி மறைத்த ஒரு காரியம் மட்டும்தான் என்னோடு இருந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது மகன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன் போலிருக்கிறது.

இதை வாசித்து முடித்ததும் எனக்குப் போன் எடுக்காதே. ஷெரின் வீட்டில்தானே இருப்பாள். முதலில் அவள் பக்கத்தில் போய் இரு.

அம்மா